கதையில் மோதல்: கொங்கு மண்ணை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கதை எழுதுபவரிடம் "இதில் மோதலே இல்லையே" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை கொண்டு வரும்போது யாராவது யாரையாவது அறைந்திருப்பார்கள். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அருவாளோடு நிற்பார். கதை மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். சண்டை என்பது மோதலிலிருந்து வரக்கூடிய பல விளைவுகளில் ஒன்று. அது வராமலேயே மோதல் பல வருஷம் உயிரோடு இருக்கும். ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, நோம்பி நொடிக்குப் பலகாரம் கொடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூட உரக்கப் பேசாமல் இரண்டு குடும்பங்கள் காலம் முழுக்க மோதிக்கொள்வதைக் கொங்குப் பக்கம் வளர்ந்தவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

அதனால் கொங்கு நாடு இந்தப் பாடத்துக்கு நல்ல களம். இங்கே கோபத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். மேலே மரியாதை, கீழே கொதிப்பு. இதைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் எந்த ஊர்க் கதையையும் எழுதலாம்.

மோதலுக்கு மூன்று சங்கதி வேண்டும். ஒருவருக்கு ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும். அது அவருக்குக் கிடைத்தால் இன்னொருவர் எதையோ இழந்தாக வேண்டும். இரண்டு பேராலும் "போய்த் தொலையட்டும்" என்று விலகிப் போக முடியக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் கதை நொண்டும். மோதலை மனிதனும் மனிதனும், மனிதனும் இயற்கையும், மனிதனும் சமூகமும், மனிதனும் தன் மனசும் என்று வகை பிரித்துப் பாடம் நடத்துவார்கள். எழுதி முடித்த கதையைப் பரிசோதிக்க அந்தப் பட்டியல் உதவும். எழுத உட்காரும்போது அதைக் கையில் எடுக்காதீர்கள். வகையிலிருந்து கதை பிறக்காது, ஆளிடமிருந்துதான் பிறக்கும்.

ஒரே கதையை எடுத்து முதலிலிருந்து கட்டிப் பார்ப்போம். காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம். அண்ணன் ராமசாமி ஊரோடு இருந்து பண்ணையம் பார்க்கிறார். அடுத்தவள் சரசு, பெருந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்தது. கடைசித் தம்பி தங்கவேல் திருப்பூரில் பனியன் துணிக்கு ஜாப் ஒர்க் எடுத்து, சிறிதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறான். நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை. நடுவில் ஒரு பொதுக் கிணறு.

முதல் படி: ஆசையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி எழுதுங்கள்

"தங்கவேலுக்கு நிம்மதி வேண்டும்" என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நிம்மதி எல்லோருக்கும்தான் வேண்டும். "பங்குனி முடிவதற்குள் தங்கவேலுக்கு 18 லட்சம் வேண்டும்" என்று எழுதுங்கள். வேலை கொடுத்த பார்ட்டி மூன்று மாதமாகப் பேமெண்ட் போடவில்லை. சிங்கர், ஓவர்லாக் எல்லாம் கடனில் வாங்கிய மெஷின்கள். தைக்கிற ஆட்களுக்குச் சனிக்கிழமையானால் கூலி எண்ணி வைக்க வேண்டும். அவன் கணக்கில் மீதி இருப்பது அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கு இரண்டு ஏக்கர் மட்டும்.

இப்போது ஆசைக்கு ஒரு தொகை வந்துவிட்டது, ஒரு கெடு வந்துவிட்டது, ஒரு பொருளும் வந்துவிட்டது. கெடு ரொம்ப முக்கியம். கெடு இல்லாத ஆசை, "பார்க்கலாம்" என்று கிடப்பில் கிடக்கும்.

ராமசாமிக்கு என்ன வேண்டும்? "நிலத்தை விடக் கூடாது" என்பது போதாது. அவருடைய கவலை கிணறு. தம்பி பங்கு கைமாறினால் வாங்குகிறவன் சைட் போட்டுவிடுவான். கிணற்றில் பாதி உரிமை வெளியாளுக்குப் போகும். தோட்டத்துக்கு வருகிற இட்டேரியில், அந்த வேலி நடுவே போகிற ஒடுங்கிய வண்டித்தடத்தில், லாரி வரும். ஆகவே அவருக்கு வேண்டியது ஒரே ஒரு செயல்: கையெழுத்துப் போடாமல் இருப்பது. ஒருவனுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும், இன்னொருவர் அதைப் போடாமல் இருக்க வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே காகிதத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. அப்படி ஒரே பொருளின் மேல் வந்து உட்காரும்வரை இந்த முதல் படியை விட்டு நகராதீர்கள்.

அந்தப் பொருளுக்கு ஒரு பழைய நினைவு இருந்தால் இன்னும் நல்லது. கிணற்று மோட்டாரின் சர்வீஸ், அதாவது கரண்ட் இணைப்பு, இன்னமும் அப்பா பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970-களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். 1972-ல் மாட்டு வண்டிகளைக் கோவைக்குள் கொண்டுவந்து நிறுத்தி ஊரையே நிலைகுத்த வைத்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று இவர்கள் அப்பாவுடையது என்றால், மோட்டார் ரூம் சுவரில் இருக்கும் சர்வீஸ் எண் வெறும் எண்ணாக இருக்காது. அதை ராமசாமி வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை. அந்த எண்ணை அவர் வருஷா வருஷம் பெயிண்ட் தொட்டுப் புதுப்பித்து எழுதுகிறார் என்ற ஒரு வரி போதும்.

இரண்டாம் படி: எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் கொடுங்கள்

பெரும்பாலான கதைகள் விழுவது இங்கேதான். எழுதுகிறவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். நல்லவன், கெட்டவன் என்று கோடு கிழித்த உடனே வாசகருக்கு வேலை முடிந்துவிடுகிறது. நல்லவன் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். இருவருக்கும் நியாயம் இருந்தால்தான் வாசகர் மனசும் சேர்ந்து இழுபடும்.

இதற்கு நொய்யல் ஆற்றைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வருஷக்கணக்காக ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குகிற இடமாகிப் போனது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறு உப்பானது, காடு கரை வீணானது. வழக்குப் போட்டார்கள், விடாமல் நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயி பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம் கிடைத்த நாள். இப்போது இன்னொரு பக்கம் போய் நில்லுங்கள். பட்டறை மூடியதும் அன்றைக்கே கூலி நின்றுபோன ஆள் ஒருவன் இருக்கிறான். பனியன் கம்பெனிக்குச் சாயம் போட்ட துணி வராமல் டைலர்கள் சும்மா உட்கார்ந்தார்கள். வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ், வட்டி எல்லாம் உட்காரவில்லை.

இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து வையுங்கள். அப்பா நொய்யல் கரையில் கெட்டுப்போன தோட்டத்துக்காக வழக்கில் கையெழுத்துப் போட்டவர். மகன் சாயப்பட்டறையில் வேலை செய்து அந்தக் காசில் அப்பாவுக்கு மருந்து வாங்குகிறவன். தீர்ப்பு வந்த அன்று ராத்திரி அந்த வீட்டில் சாப்பாடு எப்படி நடந்திருக்கும்? அதை எழுதுங்கள். வில்லனே வேண்டாம். இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் பாவம், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நல்லது நடக்க வழி இல்லை.

நம் கதைக்கு வருவோம். ராமசாமியின் நியாயத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் மண்ணைக் காப்பாற்றுகிறவர் மேல் நமக்குத் தானாகவே பாசம் வரும். அதனாலேயே தங்கவேலுக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அவன் திருப்பூர் போனது ஏன்? நாலரை ஏக்கர் பூமி இரண்டு குடும்பத்துக்குச் சோறு போடாது என்பதால், அண்ணன் பிழைக்கட்டும் என்றுதான் அவன் வெளியேறினான். அண்ணன் மகள் படிப்புக்குப் பணம் கட்டினான். இப்போது அவன் கேட்பது அவனுடைய பங்கை மட்டும்தான். இவ்வளவும் தெரிந்த பிறகு வாசகர் ராமசாமியை ஒரு நிமிஷம் சந்தேகத்தோடு பார்ப்பார். அந்தச் சந்தேகம் வந்தால் இரண்டாம் படி நன்றாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. நம் பக்கம் உடுக்கையடித்துப் பல ராத்திரி பாடப்படுகிற அண்ணன்மார் கதை எல்லோருக்கும் தெரியும். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. அந்தக் கதையை அவர்களுக்கு எதிரியாக வருகிற தலையூர்க் காளியின் பக்கம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூடக் கெட்டவன் பேசுகிற மாதிரி வரக் கூடாது. எழுதி முடிக்கும்போது, எதிரி என்று நினைத்த ஆளுக்கு ஊர் இருக்கிறது, பயம் இருக்கிறது, காக்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பது கை வழியாகவே புரிந்துவிடும். அதே கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூத்தவர் பொன்னர் பொறுமைக்காரர், இளையவர் சங்கர் முன்கோபக்காரர். ஒரே பக்கம் நிற்கிற இரண்டு பேருக்குள்ளேயே இழுவை இருக்கிறது. வெளியே எதிரி வராத நேரத்திலும் கதை தொய்யாமல் இருக்க இந்தக் குணபேதம்தான் காரணம்.

மூன்றாம் படி: வெளியே போகிற வழியை அடையுங்கள்

தங்கவேலும் ராமசாமியும் வெறும் அடுத்தடுத்த தோட்டத்துக்காரர்கள் என்றால், ஒருவர் விற்றுவிட்டு நகர்ந்துவிடலாம். அண்ணன் தம்பி என்றால் முடியாது. குலதெய்வம் ஒன்று. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு இருவருக்கும். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு வீட்டார் முன்னால் நிற்காவிட்டால் சபையில் கேள்வி வரும். பேச்சை நிறுத்தலாம், உறவை நிறுத்த முடியாது.

உறவுக்குள் நடக்கும் மோதலுக்குக் கனம் அதிகம் என்பது பழைய கண்டுபிடிப்பு. பகைவன் பகைவனுக்குச் செய்கிற தீங்கைவிட, நெருங்கியவர்களுக்கு இடையே நடக்கும் தீங்குதான் பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும் என்று கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றி எழுதும்போது சொல்லிவிட்டார். நம் பக்கம் இன்னும் கூர்மையான ஒரு சாட்சி உண்டு. உறையூரில் சோழன் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, இன்னொரு சோழனான நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. உன் தலையில் சூடிய கண்ணியும் ஆத்திப்பூ, அவன் கண்ணியும் ஆத்திப்பூ. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது நடக்காத காரியம் என்கிறார். மோதலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியாது. உங்கள் கதையில் மோதுகிற இருவரும் எந்த ஒரு பூவைச் சூடியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இந்தக் கதையில் அது கிணறு.

உறவு மட்டும்தான் வழியை அடைக்கும் என்றில்லை. கடன் அடைக்கும், வேலை அடைக்கும், சத்தியம் அடைக்கும், பிள்ளை அடைக்கும். உங்கள் ஆட்களில் யாராவது "நான் விலகிக்கறனுங்க" என்று சொன்னால் கதை முடிந்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்துவிடும் என்றால் இன்னொரு கதவையும் சாத்த வேண்டும்.

நான்காம் படி: ஒருவர் மனசுக்குள்ளேயே மோதலை இறக்குங்கள்

இந்தக் கதையின் உண்மையான மையம் எனக்குச் சரசுதான். கையெழுத்து மூன்று பேருடையது. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டு, அதன் பிறகு 2005-ல் நாடு முழுவதற்குமான திருத்தமும் வந்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்றாகிவிட்டது. சட்டம் அப்படி. வழக்கம் வேறு. பொறந்த வீட்டில் பங்கு கேட்ட பெண்ணை, கேட்டுவிட்டாள் என்றுதான் ஊர் பேசும். பல வீடுகளில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி, "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ கண்ணு" என்பதோடு விஷயம் முடிகிறது.

சரசு அண்ணன் கல்யாணத்தில், கூடப் பிறந்தவள் செய்கிற இணைச்சீர் சடங்கைச் செய்தவள். அவள் மகளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர்கள் இந்த இரண்டு பேரும்தான். அவள் பங்கைக் கேட்டால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். கேட்காமல் எழுதிக் கொடுத்தால், சொந்த மகளின் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைக்கிறவள் தன் கையாலேயே ஒரு ஏக்கருக்கு மேல் விட்டுக் கொடுத்தவளாவாள். இதில் இன்னொரு திருகும் இருக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால் தம்பி பிழைப்பான், அண்ணன் உடைவார். போடாவிட்டால் அண்ணன் பிழைப்பார், தம்பி கடனில் மூழ்குவான். அவளுக்கு யார் எதிரி? யாருமே இல்லை. அவளுக்குள் இரண்டு சரசு நிற்கிறார்கள்.

மனசுக்குள் நடக்கும் மோதலை எழுதும்போது "அவள் குழம்பினாள்", "அவள் மனம் தவித்தது" என்று எழுதுவதைத் தவிருங்கள். அவள் செய்கிற காரியத்தைக் காட்டுங்கள். பத்திரத்தின் நகலை அரிசி டப்பாவுக்குள் வைக்கிறாள். மறுநாள் எடுத்து பீரோவுக்குள் வைக்கிறாள். புருஷன் கேட்டால் "இன்னும் வரலீங்க" என்கிறாள். இவ்வளவு போதும். அவள் பொய் சொன்னாள் என்பது தெரிந்ததும் வாசகர் அவளோடு சேர்ந்து தவிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஐந்தாம் படி: ஊரையும் காலத்தையும் உள்ளே விடுங்கள்

மூன்று பேரையும் வெற்றிடத்தில் நிறுத்த முடியாது. வெளியிலிருந்து அழுத்துகிறவை எவை என்று பாருங்கள். மழை பொய்த்த வருஷம், ஆயிரம் அடி போட்டும் புகை மட்டுமே வந்த போர்வெல், பைபாஸ் வரப்போகிறது என்று ஏறிய நில விலை. இவற்றில் எது இல்லாவிட்டாலும் மோதல் இருக்குமா என்று யோசியுங்கள். இருக்கும் என்றால் அது வெறும் பின்னணிதான், இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிற விஷயங்களும் உண்டு. கீழ்பவானி வாய்க்கால் அப்படி. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிற வாய்க்கால் அது. அதற்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்பதில் விவசாயிகளே இரண்டு பக்கம். கடைமடையில் இருப்பவருக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை, அவர் போடச் சொல்கிறார். வாய்க்கால் ஓரத்தில் இருப்பவருக்குக் கசிவு நீர்தான் கிணற்றை நிரப்புகிறது, அவர் கூடாது என்கிறார். தண்ணீர் ஒன்றுதான், கேட்கிற இருவரும் அதைக் கேட்க வேண்டியவர்கள்தான். இதைக் கட்டுரையாக எழுதினால் இரண்டு தரப்பு வாதங்களாகத் தெரியும். ஓரத்தில் இருக்கிறவர் மகளைக் கடைமடையில் இருக்கிறவர் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தால் கதையாகிவிடும்.

சாதியைப் பற்றி எழுதாமல் இந்த மண்ணின் மோதலை எழுதிவிட முடியாது. எங்கள் ஊரில் எல்லோரையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவோம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் தோட்டத்தில் காலம் முழுக்க வேலை செய்த அறுபது வயது மனிதரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம். அந்த 'ங்க' யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, யாருக்குப் போகாமல் நிற்கிறது என்பதிலேயே ஒரு முழு நாவலுக்கான மோதல் இருக்கிறது. ராமசாமியின் தோட்டத்தில் வேலை செய்தவரின் மகன் இப்போது இன்ஜினியராகி, அந்த இரண்டு ஏக்கரை வாங்க வருகிறான் என்று வையுங்கள். கதை அங்கேயே தடம் மாறிவிடும். ராமசாமி எதிர்ப்பது கிணற்றுக்காகவா, வருகிற ஆளுக்காகவா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டி வரும். அப்படி எழுதத் துணிந்தால் வாங்க வருகிறவனுக்கும் இரண்டாம் படியில் சொன்ன நியாயம் முழுதாகக் கொடுக்க வேண்டும். அவனை அண்ணன் தம்பி கதையில் ஒரு திருப்பத்துக்காக மட்டும் கொண்டுவந்து நிறுத்துவது தவறு.

ஆறாம் படி: பேச்சுக்கு அடியில் மறைத்து வையுங்கள்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், விரல் ஆயிரங்களைப் பேசிக்கொண்டிருக்கும். நல்ல உரையாடலும் அப்படித்தான் நடக்க வேண்டும். தங்கவேல் நிலத்தைப் பார்க்க ஆள் அனுப்பிய மறுநாள் தோட்டத்துக்கு வருகிறான். ராமசாமி கிணற்று மேட்டில் நிற்கிறார்.

"வா தங்கவேலு. எப்ப வந்தே?"

"இப்பத்தானுங்ணா."

"உன்ற மொறைத் தண்ணியையும் சேத்து நாந்தான் பாச்சிட்டிருக்கறேன். உங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு நெனச்சேன்."

"அதுக்கென்னங்ணா, பாச்சிக்குங்க."

"அய்யன் வெச்ச தென்னை பாளை விட்டிருக்குது. பாத்தியா?"

"பாத்தனுங்."

"நேத்து ஒரு காரு வந்துச்சு. இட்டேரி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போச்சு. வழி தெரியாம வந்துட்டாங்களாட்ட இருக்குது."

தங்கவேல் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இருக்குமுங்ணா."

அண்ணி சாளை வாசலிலிருந்து, தோட்டத்து வீட்டிலிருந்து, கூப்பிட்டாள். "தம்பி, அரிசிம்பருப்பு ஆக்கியிருக்கறேன். சாப்புட்டுட்டுப் போங்க."

"இல்லீங்க அண்ணி. கம்பெனில ஆளுக நிக்கறாங்க, போகோணும்."

"ஒரு வாய் தின்னுட்டுப் போகச் சொல்லு," என்றார் ராமசாமி, தம்பியைப் பார்க்காமல். "அப்பறம் எப்ப வருவானோ."

இதில் விற்பனை என்ற சொல்லே வரவில்லை. குரல் உயரவில்லை. ஆனால் என்னென்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். முறைத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிற சாக்கில், "உனக்கு இங்கே இன்னும் உரிமை இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை" என்று அண்ணன் சொல்லிவிட்டார். "பாச்சிக்குங்க" என்ற பதிலில் தம்பி அந்த உரிமையை விட்டுக் கொடுக்கிற மாதிரி காட்டி, அதிலிருந்து கழன்றுகொள்கிறான். அப்பா வைத்த தென்னை ஒரு நினைவூட்டல். "வழி தெரியாம வந்துட்டாங்களாட்ட" என்பது அண்ணன் தம்பிக்குக் கொடுக்கிற கடைசி வாய்ப்பு: உண்மையைச் சொல், இல்லையென்றால் இந்தப் பொய்யை நாம் இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம். தம்பி பொய்யை எடுத்துக்கொண்டான். சாப்பிடாமல் போவதுதான் இந்தக் காட்சியில் விழுந்த அடி. பொறந்த வீட்டில் சாப்பாட்டை மறுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படி ஒரு காட்சி எழுத ஒரு வழி சொல்கிறேன். முதலில் இருவரும் மனசில் இருப்பதை அப்படியே கொட்டுகிற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்கள். "நீ நிலத்தை விக்கப் பாக்கற." "எனக்கு வேற வழியில்லீங்ணா." எல்லாம் எழுதுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதே இருவரையும் மோட்டாரைப் பற்றி, மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி மட்டும் பேச விடுங்கள். முதல் பக்கம் எழுதியதன் சூடு இரண்டாவது பக்கத்தில் தானாக இறங்கும். முதல் பக்கத்தை எழுதாமல் நேரே இரண்டாவதுக்குப் போனால் வெறும் மழைப் பேச்சாகத்தான் நிற்கும்.

ஏழாம் படி: ஒவ்வொரு அடியிலும் திரும்பும் வழியைக் குறையுங்கள்

மோதல் ஏற வேண்டும் என்றால் சத்தம் ஏற வேண்டும் என்று பொருளில்லை. ஒவ்வொரு செயலுக்கும் பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது இன்னும் கொஞ்சம் கடினமாக வேண்டும், அதுதான் ஏற்றம்.

ராமசாமி மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டுப் போடுகிறார். ஒயரைத் திருடுகிறார்கள், அதனால் என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம். தங்கவேலுக்குச் சாவி கொடுக்கவில்லை, மறந்தும் போயிருக்கலாம். தங்கவேல் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, அண்ணனிடம் கேட்காமல் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறான். விஷயம் ஊருக்குள் கசிந்து, டீக்கடையில் ராமசாமி காதுக்கு வருகிறது. தம்பி செய்ததைவிட, டீக்கடையில் வைத்துத் தெரிந்துகொண்டதுதான் அவரைக் குத்துகிறது. அடுத்து சர்வேயர் அளக்க வருவதாக நோட்டீஸ். அதற்கடுத்து ராமசாமியின் மகள் கல்யாணம் நிச்சயமாகிறது, பத்திரிகை அடிக்கிறார்கள். நம் பக்கத்துப் பத்திரிகையில் யார் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பதற்காக உறவு முறிந்த கதைகள் எத்தனையோ. படிப்புக்குப் பணம் கட்டிய சித்தப்பன் பெயர் அதில் இருக்குமா, இருக்காதா? புரூஃப் பார்க்கிற அன்று ராமசாமி பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிற காட்சி, எந்த வெட்டுக்குத்தையும்விடப் பெரியது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நல்ல அர்த்தமும் இருக்கிறது, ஒரு கெட்ட அர்த்தமும் இருக்கிறது. செய்கிறவர் நல்ல அர்த்தத்தில் செய்கிறார், எதிரே இருக்கிறவர் கெட்ட அர்த்தத்தில் படிக்கிறார். குடும்ப மோதல் முக்கால்வாசி இப்படித்தான் ஏறுகிறது. முதல் காட்சியிலேயே கையை ஓங்கிவிட்டால் இந்தப் படிக்கட்டு முழுவதும் வீணாகிவிடும்.

எட்டாம் படி: யாராவது ஒருவர் முடிவெடுக்கட்டும்

முடிவில் பார்ட்டி திடீரென்று பேமெண்ட் போட்டு, தங்கவேல் கடன் தீர்ந்துவிட்டால் வாசகர் ஏமாந்துபோவார். வெளியிலிருந்து வந்து பிரச்சினையைத் துடைக்கிற லாட்டரிச் சீட்டு, விபத்து, மாரடைப்பு எதையும் நம்பாதீர்கள். மோதலை ஆரம்பிக்க விபத்து உதவலாம், முடிக்க உதவாது. யாராவது ஒருவர் தெரிந்தே ஒன்றை எடுத்து, தெரிந்தே ஒன்றை இழக்க வேண்டும். என் கதையாக இருந்தால் சரசுவை முடிவெடுக்க விடுவேன். அவள் தன் பங்கைக் கேட்கிறாள், கிணறு இருக்கிற பக்கமாகப் பார்த்து. அண்ணனுக்கு உடைமையில் நட்டம், தம்பிக்கு விற்பதற்குக் கிணறில்லாத பூமி, அவளுக்குப் பொறந்த வீடு இனி பழைய மாதிரி இருக்காது. ஆனால் கிணறு வெளியே போகாது. இது சரியான தீர்வா என்று வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

எழுதி முடித்ததும் பிரதியை இரண்டு நாள் எடுக்காமல் வையுங்கள். பிறகு கையில் இரண்டு நிறப் பேனாவோடு உட்காருங்கள். தங்கவேல் பக்கம் வாசகர் மனசு சாய்கிற இடங்களுக்கு ஒரு நிறம், ராமசாமி பக்கம் சாய்கிற இடங்களுக்கு இன்னொரு நிறம். ஒரே நிறம் தொடர்ந்து இரண்டு பக்கத்துக்கு ஓடினால் அங்கே நீங்கள் கட்சி சேர்ந்துவிட்டீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு செயல் கொடுங்கள், வசனம் வேண்டாம். அதன்பின் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் யாருக்கு என்ன குறைந்தது, என்ன கூடியது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். எதுவும் மாறாத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். கடைசியாக, பேச்சுகளை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "எங்கூர்ல அண்ணங்கிட்ட இப்படிப் பேச மாட்டாங்க" என்று அவர் எந்த இடத்தில் சொல்கிறாரோ, அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, "அப்பறம் எப்படித்தான் சொல்லுவாங்க?" என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.